தோல்மேல் வைக்கும் சென்சார் கால் ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டுமா? அப்பாவின் ரிப்போர்ட் பற்றி ஒரு சந்தேகம்

பெரியகுளம்_மகன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 66. சர்க்கரை வந்து இருபது வருடம் இருக்கும். பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் மாத்திரை, ராத்திரி இன்சுலின். கடைசியாக எடுத்த மூன்று மாதச் சராசரி 8.4. பீடியை விட்டு நாலைந்து வருடம்தான் ஆகிறது.

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச சர்க்கரை முகாம் போட்டார்கள். ஊசி கிடையாது, தோல்மேல் சென்சார் வைத்தே ரத்தக்குழாயைப் பார்த்துவிடலாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பாதத்தையும் எவர்சில்வர் தகடுகள்மேல் வைத்து இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். அப்புறம் படுக்கவைத்து இரண்டு கைக்கும் இரண்டு கணுக்காலுக்கும் பிரஷர் பட்டை சுற்றினார்கள். கடைசியாகக் கால் கட்டைவிரலில் ஒரு கிளிப். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே கிளிப்தான்.

ரிப்போர்ட்டில் இருப்பது: தகடு சோதனையில் கை பச்சை, கால் மஞ்சள். பட்டை சோதனையில் கையில் 146, வலது கணுக்காலில் 158, இடது கணுக்காலில் 213. அதன் கீழே வலது 1.08, இடது 1.46 என்று போட்டிருக்கிறது. கிளிப்பில் 97. ரிப்போர்ட்டைக் கொடுத்த பையன், "ரெண்டு காலும் ஒன்னுக்கு மேல இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவின் இடது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஆணி இருந்தது. அதை அவரே பிளேடால் சீவிவிட்டார். அந்த இடம் புண்ணாகி ஐந்து வாரம் ஆகப்போகிறது, மூடவே இல்லை. வலி இல்லை என்கிறார். பக்கத்து கிளினிக்கில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறோம்.

ஜெர்மனியில் இருக்கும் என் சித்தி பையன், மியூனிக்கில் தோல்மேல் ஒளியைப் பாய்ச்சியே சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாயைப் படம் எடுக்கிறார்கள் என்று ஒரு செய்தியை அனுப்பினான். அது இங்கே எங்காவது இருக்கிறதா? இந்த முகாம் ரிப்போர்ட்டை நம்பலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர்_அக்கா:

தம்பி, எனக்கு மெஷின் பற்றித் தெரியாது. ஆனால் சர்க்கரைக்காரரின் காலில் ஐந்து வாரம் ஆறாத புண் என்று படித்ததும் பகீர் என்றது. வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விரல் கறுத்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ரிப்போர்ட் என்ன சொன்னாலும் இந்த வாரமே பாதத்துக்கென்று தனியாகப் பார்க்கும் சர்க்கரை டாக்டரிடமோ ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடமோ காட்டுங்கள். கறுப்பு நிறம், நாற்றம், சிவப்பு மேலே ஏறுவது, காய்ச்சல், இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

வாஸ்குலர்_லேப்_மதுரை:

தம்பி, மேலே அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் மதுரையில் ஒரு ரத்தக்குழாய் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கால்களுக்குப் பட்டை சுற்றுவதும், டாப்ளர் என்ற கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பதும்தான் என் வேலை. உங்கள் ரிப்போர்ட்டில் எனக்கு உறுத்துவது அந்த 1.46.

கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வருவது ஏபிஐ. 213-ஐ 146-ஆல் வகுத்திருக்கிறார்கள், கணக்கு சரி. 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று எடுத்துக்கொள்வோம். அந்தப் பையனுக்கு இதை மட்டும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. 1.4-ஐத் தாண்டினால் அதுவும் கோளாறுதான். நாள்பட்ட சர்க்கரையில், அதிலும் சிறுநீரகம் பாதித்தவர்களிடம், முழங்காலுக்குக் கீழே ஓடும் குழாய்களின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்து சுவர் இறுகிவிடும். தோட்டத்து ரப்பர் குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்கும், பிவிசி பைப்பை மிதித்தால் நிற்காது இல்லையா? பட்டை 200-ஐத் தாண்டி இறுக்கியும் குழாய் அமுங்கவில்லை, அதனால்தான் 213. அது ரத்தத்தின் அழுத்தம் இல்லை, குழாய்ச் சுவரின் விறைப்பு. உள்ளே ஓட்டம் எப்படி இருக்கிறது என்று இந்த எண் சொல்லவே சொல்லாது. நன்றாகவும் இருக்கலாம், முக்கால்வாசி அடைத்தும் இருக்கலாம். வலது கால் 1.08 கூட, லேசாக இறுகிய குழாயில் அடைப்பும் சேர்ந்து இடையில் வந்து நிற்கும் எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. இருபது வருட சர்க்கரைக்காரருக்கு ஏபிஐ மட்டும் பார்த்து 'நார்மல்' என்று அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ரிப்போர்ட்டில் 1.4-க்கு மேல் வந்தால் சிவப்பு மையில் அச்சாக வேண்டும் என்று எங்கள் கூடத்தில் சண்டை போட்டு மாற்றி வைத்திருக்கிறேன்.

எவர்சில்வர் தகடு சோதனை ரத்தக்குழாயைப் பார்ப்பதே இல்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று லேசான மின்சாரம் கொடுத்து அளக்கிறது. அந்தச் சுரப்பிகளை இயக்கும் மெல்லிய நரம்புகள் சர்க்கரையில் சீக்கிரமே அடிபடும். கால் மஞ்சள் என்றால் நரம்பு தேய்ந்திருக்கலாம் என்று அர்த்தம். அப்பாவுக்கு வலி தெரியாததற்கு இதுதான் காரணமாக இருக்கும். நல்ல சோதனைதான், ஆனால் அதை 'ரத்தக்குழாய் சென்சார்' என்று மைக்கில் சொன்னது தப்பு.

கிளிப் காட்டிய 97: விரலுக்கு வந்து சேர்ந்த ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றுதான் அது சொல்லும். எவ்வளவு ரத்தம் வந்தது என்று சொல்லாது. சொட்டுச் சொட்டாக வந்தாலும் வருகிற சொட்டு 97 காட்டும்.

அப்படியானால் அப்பாவுக்கு எது உதவும்? கால் கட்டைவிரல் அழுத்தம். இதுவும் தோல்மேல் ஒட்டுகிற சென்சார்தான். விரலின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு குட்டிப் பட்டையைச் சுற்றுவோம். விரல் நுனியின் சதையில் ஒரு சின்ன அகச்சிவப்பு ஒளி சென்சாரை டேப் போட்டு ஒட்டுவோம். ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் ஒரு மேடு எழும். பட்டையை ஊதினால் மேடுகள் சிறுத்து, நேர்கோடு ஆகிவிடும். பிறகு மெதுவாகக் காற்றை விடும்போது முதல் மேடு எந்த அழுத்தத்தில் திரும்புகிறதோ, அதுதான் விரல் அழுத்தம். விரல் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாது. அதனால் கணுக்கால் பொய் சொல்லும் இடத்தில் விரல் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும். கை அழுத்தத்தோடு வகுத்தால் 0.7-க்குக் கீழே வரக்கூடாது. அழுத்தமே 30-க்குக் கீழே போனால் புண் ஆறுவது கஷ்டம், அவசரம்.

ஒன்று கவனியுங்கள். கால் ஜில்லென்று இருந்தால் விரல் அழுத்தம் பொய்யாகக் குறைந்துவிடும். ஏசி அறையில் படுக்கவைத்த உடனே எடுக்க விடாதீர்கள். போர்வை போட்டு, பத்து நிமிடம் படுத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், நல்ல டெக்னீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மியூனிக்_தமிழன்:

உங்கள் சித்தி பையன் அனுப்பிய செய்தி ஹெல்ம்ஹோல்ட்ஸ் மியூனிக் ஆராய்ச்சி மையம், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டும் சேர்ந்து செய்த ஆய்வாகத்தான் இருக்கும். பேராசிரியர் வாசிலிஸ் ன்ட்ஸியாக்ரிஸ்டோஸ் குழுவின் வேலை, 2023-இல் வெளிவந்தது. நான் அந்தக் குழுவில் இல்லை, பக்கத்து ஊரில் ஒளியியல் கருவி செய்யும் நிறுவனத்தில் இருக்கிறேன். கட்டுரையைப் படித்திருப்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோல்மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைப் பாய்ச்சுகிறார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சி இம்மியளவு சூடாகி விரியும். அந்த விரிவு ஓர் ஒலி அலையைக் கிளப்பும். தோல்மேல் இருக்கும் உணரி அதைப் பிடிக்கும். ஒளி கொடுத்து ஒலி வாங்குகிற இந்த விளைவை 1880-இலேயே அலெக்சாண்டர் கிரகாம் பெல் கண்டறிந்தார். ஊசி இல்லை, சாயம் ஏற்றுவது இல்லை. தோலுக்கு அடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்வரை நுண்குழாய்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். படம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

காலின் தோலில் 115 பேரிடம் 199 படங்கள் எடுத்தார்கள். 75 பேர் சர்க்கரை நோயாளிகள், 40 பேர் நலமானவர்கள். குழாய் எத்தனை இடத்தில் கிளை பிரிகிறது என்பது மாதிரி 32 அம்சங்களைக் கணினி பொறுக்கி எடுத்து ஒரே மதிப்பெண்ணாக ஆக்கியது. அந்த மதிப்பெண்ணை வைத்துச் சர்க்கரை உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துப் பார்த்ததில் 0.84 வந்தது. நோய் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் நூற்றுக்கு 84 தடவை நோயாளிக்குத்தான் கூடுதல் மதிப்பெண் விழும் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆய்வுக்கு நல்ல எண். ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது ஏற்கெனவே தெரியும். அவருடைய கேள்வி முழங்காலுக்குக் கீழே போகும் பெரிய குழாய் திறந்திருக்கிறதா என்பது. அதை அந்தக் கருவி பார்க்காது, அவ்வளவு ஆழத்துக்கு அது போகவும் போகாது. மருந்து கொடுத்தால் நுண்குழாய்கள் தேறுகின்றனவா என்று வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க இது பெரிதாக உதவும் என்று நான் மனதார நம்புகிறேன். அதற்காக இப்போது காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. ஒளியை நம்பும் எந்தச் சென்சாரும் முதலில் தோலுக்கு நிறம் தரும் மெலனினைக் கடந்தாக வேண்டும். தோல் கறுக்கக் கறுக்க மேலேயே அதிக ஒளி போய்விடும். கொரோனா காலத்தில் எல்லோரும் நம்பிய அந்த கிளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட கணக்கு இது: கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 88-க்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அதேபோல நெதர்லாந்தின் குரோனிங்கனில் உருவான ஒரு கருவி இருக்கிறது. முன்கையை அதன்மேல் வைத்தால் போதும், பல வருடமாகத் தோலில் சேர்ந்த சர்க்கரைக் கழிவுகள் புற ஊதா ஒளியில் எவ்வளவு ஒளிர்கின்றன என்று அளந்து இதயம், ரத்தக்குழாய் ஆபத்தைக் கணிக்கிறார்கள். நல்ல கறுப்புத் தோலில் திரும்பி வரும் ஒளி போதாமல் அதனால் நம்பகமாக அளக்க முடிவதில்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு 2023-இல் வந்தது. அத்தனை பேருடைய தோலில் சோதித்துப் பார்க்காமல் ஒரு கருவியை நம் ஊர் முகாமில் கொண்டுவந்து வைப்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. என்னோடு வேலை செய்பவர்களிடம் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரியகுளம்_மகன்:

எல்லோருக்கும் நன்றி. மியூனிக் அண்ணன் சொன்ன நிற விஷயம் எனக்குப் புதிது. மேடம், அப்பா நல்ல கறுப்பு. நீங்கள் சொன்ன விரல் சென்சாரும் ஒளிதானே, அதில் இந்தப் பிரச்சினை வராதா? வெள்ளிக்கிழமை மதுரைக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிவிட்டேன்.

வாஸ்குலர்_லேப்_மதுரை:

நல்ல கேள்வி தம்பி. விரல் சென்சார் எத்தனை சதவீதம் என்று எதையும் கணக்கிடுவதில்லை. துடிப்பு போயிற்றா, திரும்ப வந்ததா, அவ்வளவுதான் பார்க்கிறது. அழுத்தத்தை அளப்பது பட்டை. அகச்சிவப்பு ஒளியை மெலனின் அவ்வளவாகப் பிடிப்பதும் இல்லை. எங்கள் கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெயிலில் உழைக்கிறவர்கள்தான், மேடுகள் தெளிவாகவே வருகின்றன. வரவில்லை என்றால் டாப்ளரை விரலில் வைத்துக் காதால் கேட்டும் எடுக்கலாம்.

ஒளியே இல்லாத சென்சாரும் ஒன்று உண்டு. தோல் வழி ஆக்சிஜன் சோதனை. பச்சைக் குழந்தைகளுக்காக ஜெர்மனியின் மார்பர்கில் 1970-களில் வளர்த்தெடுத்த முறை, இப்போது கால் புண்ணுக்கும் பயன்படுகிறது. பாதத்தின் மேல்பக்கம் ஒட்டும் வளையத்தைப் பதித்து, அதற்குள் இரண்டு மூன்று சொட்டுத் திரவம் விட்டு, எலெக்ட்ரோடைத் திருகி மாட்டுவோம். அது தோலை 44 டிகிரி வரை சூடாக்கும். நுண்குழாய்கள் விரிந்து ஆக்சிஜன் தோலைத் தாண்டி வெளியே கசியும், அதை மின்வேதி முறையில் அளக்கும். ஒப்பிடுவதற்கு நெஞ்சில் காறை எலும்புக்குக் கீழே இன்னொன்றை ஒட்டுவோம். எண் ஓரிடத்தில் நிற்க இருபது நிமிடம்வரை ஆகும். பேசக்கூடாது, இருமக்கூடாது என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எடுத்த பிறகு வட்டமாகச் சிவந்திருக்கும், தானாகப் போய்விடும். 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் புண் ஆற வாய்ப்பு கூடுதல். வீக்கம் இருந்தாலோ தடித்த தோல்மேல் ஒட்டினாலோ எண் கெட்டுவிடும், அதனால் இடத்தைப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். இதிலும் அடைப்பு எந்த இடத்தில் என்று தெரியாது. அதற்குக் குழாயையும் ரத்த ஓட்டத்தையும் ஒலி அலையால் பார்க்கும் டூப்ளக்ஸ் ஸ்கேன், தேவைப்பட்டால் சாயம் ஏற்றிப் படம் எடுக்கும் ஆஞ்சியோ.

பெரியகுளம்_மகன்:

போய்விட்டு வந்தோம். போர்வை போட்டுக் காத்திருந்துதான் எடுத்தார்கள், நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கையில் 144. வலது கட்டைவிரல் 95, இடது கட்டைவிரல் 38. பாதத்தின் மேல் ஆக்சிஜன் இடதில் 28. டாப்ளர் வைத்தபோது வலது காலில் கேட்ட சத்தத்துக்கும் இடது காலில் கேட்ட சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே தெரிந்தது. வலதில் டப்-டப் என்று வெட்டி வெட்டிக் கேட்டது, இடதில் இழுத்துக்கொண்டே ஒரு காற்றுச் சத்தம். அப்பாவும் தலையைத் தூக்கி, "இந்தக் கால் ஏன்டா இப்படிக் கத்துது"ன்னு கேட்டார். டாக்டர் தடித்த தோலைச் சீவி எடுத்து, அழுத்தம் படாத செருப்பு கொடுத்திருக்கிறார். டூப்ளக்ஸ் ஸ்கேன் செவ்வாய்க்கிழமை, அப்புறம் ஆஞ்சியோ வேண்டியிருக்கும் என்றார். 38-ம் 28-ம் மோசமா மேடம்?

வாஸ்குலர்_லேப்_மதுரை:

38-ஐ 144-ஆல் வகுத்தால் 0.26 வருகிறது. 1.46 என்று வந்த அதே கால்தான் இது. அடைப்பு இருக்கிறது, சந்தேகமே இல்லை. வலதும் 0.66 தான், அதையும் கவனத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் 38 என்பது 30-க்கு மேலே, 28 என்பது 25-க்கு மேலே. ஓடோடிப் போய் அன்றைக்கே செய்ய வேண்டிய கட்டத்தில் இல்லை, புண் ஆற வழி இன்னும் இருக்கிறது. நல்ல கவனிப்பு இருந்தும் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் புண் ஆறவில்லை என்றால் குழாயைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. அப்பா அந்தக் கெடுவில் வந்து நிற்கிறார். டாக்டர் சரியான நேரத்தில்தான் சொல்லியிருக்கிறார், தள்ளிப்போடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை போகும்போது முகாம் ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். ஆஞ்சியோவுக்கு ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை சமீபத்தில் எடுக்கவில்லை என்றால் திங்கட்கிழமையே கொடுத்துவிடுங்கள். அப்பா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அன்றைக்கு நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், அந்த பிளேடை வீட்டில் எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்து எடுத்துவிடுங்கள் தம்பி.